யாரும் ஜெபிக்காத ஒரு மணி நேரம்

இந்தக் கதையைக் கேட்டு முடித்ததும் மூன்று பேரில் ஒருவர் பக்கம் நீங்கள் நின்றாக வேண்டும். நடுவில் நின்றுகொண்டு எல்லாருக்கும் தலையாட்டுகிற வேலை இங்கே செல்லாது.

செம்மணல் தேரிக்காட்டோரம் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையில், யாருக்காவது உயிர் ஊசலாடினால் சங்கிலி ஜெபம் வைப்பார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், கோயிலுக்குள் தனியாக முழங்காலில் நிற்க வேண்டும். தன் நேரம் முடிந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தச் சங்கிலியும் வீண் என்பது ஊர் நம்பிக்கை. அப்படி வேதத்தில் எங்கேயும் எழுதவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் நம் ஆட்கள் அதிகம் நடுங்குவார்கள்.

ஜெபக்கனி கணவனை இழந்தவள். ஒரே மகள் பெர்சிஸ், ஒன்பது வயது. பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும் முன் ஜெபக்கனி பன்னிரண்டு வீட்டுக்கும் நடந்தாள். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"உங்க நேரத்த மட்டும் விட்டுராதீங்க. எம்புள்ள உசுரு அதுலதான் இருக்கு."

பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாசில்லாமணியின் முறை. வாழைத்தார் மண்டியில் சுமை இறக்குகிறவர். முந்தின இரண்டு நாளும் லாரி மேல் லாரி வந்ததில் கண் மூடவில்லை. வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டார். முழங்காலில் நின்றார். "ஆண்டவரே" என்றார். அவ்வளவுதான். நெற்றி பாயில் முட்ட அப்படியே தூங்கிப்போனார்.

இரண்டு மணிக்கு முறை மாற்ற வந்தவர் சபைச் செயலாளர் கோயில்பிள்ளை. வாசலிலேயே குறட்டைச் சத்தம் கேட்டது. உள்ளே போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார். கோயில்பிள்ளை வாய் வலிக்கத் திட்டினார். பிறகு நோட்டை நீட்டி, கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் போ, தாய்க்காரிக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரியிலேயே செத்துவிடுவாள் என்றார். மாசில்லாமணி பேனாவைத் தொடவில்லை. கோயில்பிள்ளையே அவர் பெயரை எழுதிவிட்டுத் தன் நேரத்துக்கு முழங்காலில் நின்றார்.

சாயங்காலம் தகவல் வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு ஆராதனையில் ஜெபக்கனி சாட்சி சொல்ல எழுந்தாள். டாக்டர்கள் இதயத்தை நிறுத்தி வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். மறுபடி துடிக்க விட்டபோது துடிக்கவில்லை. ஒரு மணிக்கு ஆரம்பித்த போராட்டம். இரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய டாக்டரே நம்பிக்கை விட்ட நேரத்தில் துடித்ததாம். அந்த நேரத்தில் முழங்காலில் நின்றவர் யார் என்று நோட்டில் பார்த்தேன் என்றாள். சொல்லிவிட்டு, கொடுப்பதற்கென்று வாங்கி வந்த புது வேட்டி சட்டையோடு, மாசில்லாமணி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே வந்து, அவர் காலில் விழக் குனிந்தாள்.

மாசில்லாமணி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"விழாத தங்கச்சி. நான் அன்னைக்கு ஜெபிக்கல. தூங்கிட்டேன்."



கோயில்பிள்ளை எழுந்தார். மாசில்லாமணிக்கு எப்போதுமே தாழ்மை ஜாஸ்தி, தனக்குப் பெருமை வேண்டாம் என்று அப்படிச் சொல்கிறான் என்று சமாளித்தார்.

"குறட்டை விட்டவன உலுக்கி எழுப்புனதே நீங்கதான அண்ணாச்சி," என்றார் மாசில்லாமணி. "அந்தக் கையெழுத்தும் உங்களுது."

ஜெபக்கனி கத்தப்போகிறாள், மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் முன்வரிசைக்கு ஓடினாள். உட்கார்ந்திருந்த மகளின் நெஞ்சில் காதை வைத்து அழுத்தினாள்.

"கூசுதும்மா," என்று பிள்ளை நெளிந்தது.

"சங்கிலி அறுந்துட்டு," என்றாள் ஜெபக்கனி. "இன்னைக்கே மறுபடி பன்னெண்டு மணி நேரம் வைங்க. அது முடியாம எம்புள்ளய இந்தக் கோயில விட்டு வெளிய கொண்டுபோக மாட்டேன்."

கோயில்பிள்ளை மாசில்லாமணி பக்கம் திரும்பினார். "நான் சொன்னது பொய்தாம்ல. அந்தப் பொய்யில இவ ஒரு மாசம் நிம்மதியாத் தூங்குனா. உன் உண்மை அரை நிமிஷத்துல அதப் பிடுங்கிட்டு."

"ஆண்டவர் செஞ்சதுக்கு நான் வேட்டி வாங்கக் கூடாது அண்ணாச்சி," என்றார் மாசில்லாமணி.

இப்போது சொல்லுங்கள். தாயின் நிம்மதிக்காகப் பொய் எழுதியவர் ஒருவர். உண்மையைச் சொல்லி அந்த நிம்மதியை உடைத்தவர் ஒருவர். அறுந்ததை முடிந்து பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிற தாய் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: மாசில்லாமணி. உண்மை பேசினார் என்பதற்காக மட்டும் இல்லை. தனக்குச் சேராத புகழைத் தள்ளி, அது யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்கு விட்டுவிட்டார். ஒருவன் தூங்கியது தெரிந்தால் உடைந்துபோகிற நிம்மதியைத்தான் கோயில்பிள்ளை கட்டிக் காத்தார். அது எத்தனை நாள் தாங்கும்? ஜெபக்கனியைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்: இத்தனை மணி நேரம் கொடுத்தால்தான் பிள்ளையைத் தருவேன் என்று ஆண்டவர் அவளிடம் எப்போது பேரம் பேசினார்? பேசியிருந்தால் அன்று பகல் ஒரு மணிக்கே பேரம் முறிந்திருக்கும். மற்ற பதினோரு பேர் ஜெபித்தது நல்லதுதான். பெற்றவரிடம் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்கள். கேட்டதை விலை என்று நினைத்ததுதான் தப்பு. சபைப் போதகர் மறுபடி சங்கிலி வைக்க மறுத்துவிட்டார். வீடு திரும்பிய ஜெபக்கனி அன்று முழுக்க மகளின் கையை விடவில்லை. திங்கட்கிழமை காலை பெர்சிஸ் கையை உருவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சங்கிலி அறுந்தே கிடந்தது.