வாயடைத்த சென்சார்

சிங்காநல்லூரில் துளசிமணி என்று ஒரு மெக்கானிக் இருந்தாள் பாருங்க, யாருக்கும் பயப்படாதவள். அவள் ஒர்க்‌ஷாப் இருந்த இடம் கனகசபாபதியுடையது. ஒரு நாள் காலையில் அவர் தன் பழைய டர்போ காரோடு வந்து நின்றார். இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு, வேறொரு பெரிய வண்டியுடையதை அவரே மாட்டியிருந்தார். வண்டி இருமி இருமிக் கரும்புகை கக்கியது.

“வண்டிக் கம்ப்யூட்டர்ல கை வெக்கப்படாது. சாயங்காலத்துக்குள்ள ஓடோணும். இல்லீன்னா எடத்தக் காலி பண்ணு அம்மணி.”

“ஓடுனாப் போதுமுங்களா?”

“போதும்!”

சாயங்காலம் புகையில்லாமல் ஓடியது. சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவந்து இறங்கினார். “பாத்தீங்களா, என்ற சென்சாரு பண்ற வேலைய!”

துளசிமணி பானட்டைத் திறந்து காட்டினாள். சென்சாரின் ஒயர் தனியாகத் தொங்கியது. “காத்தால நீங்க போனதுமே புடுங்கி உட்டுட்டனுங்க. அது சொல்ற கணக்கு கம்ப்யூட்டருக்குப் புரியல. அது வாய மூடுனதும், கம்ப்யூட்டர் குத்துமதிப்பா ஓட்டுது. டர்போ வேகம் மட்டும் வராதுங்க.”

சிநேகிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“செரி, கம்ப்யூட்டர்லயே கை வெய்யி,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

“வெக்கறனுங்க. மொதல்ல, காலி பண்ணச் சொன்ன பேச்ச இவிய முன்னாலயே திருப்பி வாங்கிக்குங்க.”

அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.