சுவரில் ஒரு துண்டு டேப்

முப்பது வருஷம் அமெரிக்க சினிமாவில் அழுதே பேர் வாங்கிய ஹார்லன் விட்கோம், அறுபது தாண்டிய பிறகு நியூயார்க் நாடக மேடைக்குத் திரும்பி வந்தார். இளமையில் பாதியில் விட்டுப்போன மேடை அது. சாவதற்குள் ஒருமுறையாவது அதில் உருப்படியாக நின்றுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நாடகத்தில் அவர் ஒரு தகப்பன். ஓடிப்போன மகள் திரும்பி வர, அவளை மன்னிக்கிறார். அரங்கேற்றத்துக்கு முன்பு ஆட்களைக் கூட்டி நடத்திய முன்னோட்டக் காட்சியில், மகளாக நடித்த டெஸ்ஸா அந்த இடத்தில் அவர் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், வசனம் பறந்துவிட்டது. மனிதர் சினிமாப் பழக்கதோஷத்தில், "இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மறுபடி உள்ளே வந்தார். அரங்கமே சிரித்தது. ஹார்லன் அவமானத்தில் கூனிப்போனார்.

இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நாடகக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை ஹார்லன் லெனோரைத் தேடிப் போனார். நடிப்புச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி லெனோர். ஹார்லனைவிடப் பதினைந்து வயது இளையவர். பெரிய நடிகர் வந்திருக்கிறாரே என்று எழுந்து நிற்கிற ஆள் இல்லை.

"காமிரா முன்னாடி எனக்கு ஒரு சொல் தவறினதில்ல. அந்தப் பொண்ணு முன்னாடி மட்டும் ஏன் மறந்துபோகுது?"

சினிமாவில் இந்த மாதிரிக் கட்டத்தை எப்படி எடுப்பார்கள் என்று லெனோர் விசாரித்தார். ஹார்லன் மறைக்காமல் சொன்னார். முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும்போது, எதிரே நடிக்க வேண்டியவர் பெரும்பாலும் வீட்டுக்குப் போயிருப்பார். காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும், அதைப் பார்த்துத்தான் அழவும் வேண்டும்.

லெனோர் ஒரு துண்டு டேப்பைக் கிழித்துச் சுவரில் ஒட்டினார். அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"நான்தான் உங்க மக. பேசுங்க."

ஹார்லன் தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முடித்ததும், இதற்குமேல் எவன் செய்துவிட முடியும் என்ற திருப்தியோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு லெனோரைத் தேடினார்.

அறையில் யாரும் இல்லை.

லெனோர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையில் பாதி காலி. ஹார்லனுக்குச் சுருக்கென்றது.

"எப்போ வெளியே வந்தீங்க?"

"'உன் முகத்தைப் பார்த்ததே போதும்மா'ன்னு அழுதீங்களே, அப்போ."

"நான் கவனிக்கல."

லெனோர் மிச்சக் காபியையும் குடித்து முடித்தார்.

"டெஸ்ஸா இன்னும் வீட்டுக்குப் போகல," என்றார். "உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மேடையிலயேதான் நிக்கிறா."