ஏகலிங்கத்துக்கு நிற்காத சக்கரம்

"எல்லாருக்கும் நின்னுடுச்சாம். எனக்கு மட்டும் இன்னும் சுத்துதும்மா" என்று குறைப்பட்டுக்கொண்டார் ஏகலிங்கம்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் குரு வேதவல்லியம்மாவுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் அம்மா முன்னால் அவர் உட்காரவே மாட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். தியான அறைச் சுவரில் மஞ்சள், வெள்ளை, நீலம், கறுப்பு என்று நாலு நிறத்தில் ஒரு சக்கரம் வரைந்திருக்கும். வெறும் பெயிண்ட்தான். பார்த்தாலோ கிறுகிறுவென்று சுற்றும். அது நின்றுவிட்டது என்று வந்து சொன்னால் மனசு அடங்கிவிட்டதாகக் கணக்கு, தீட்சை உண்டு. மூன்று வருஷத்துக்குள் நிற்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பின்னால் வந்தவர்களெல்லாம் தீட்சை வாங்கிவிட்டார்கள். மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

"நாளையோட மூணு வருஷம். போய்ப் பாருங்க" என்றார் அம்மா.

மறுநாள் சாயங்காலம். தியான அறையில் ஏகலிங்கம் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

சக்கரம் நின்றிருந்தது.

அழுகையே வந்துவிட்டது அவருக்கு. சொல்லலாம் என்று வாசல்வரை ஓடியவர், அங்கேயே நின்றார். அவர் வேட்டி சிவப்பாக இருந்தது. கையும் சிவப்பு.

விழாவுக்காக யாரோ ஜன்னலில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதன் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது. சுவரில் மஞ்சள் எது, வெள்ளை எது என்று தெரியவில்லை. நீலமும் கறுப்போடு கறுப்பாகக் கிடந்தது.

சிவப்பு வெளிச்சத்தில் நிறங்கள் கலந்துபோனதால்தான் சக்கரம் நின்றது என்று, முப்பது வருஷம் சிவப்பு விளக்கைக் கையில் பிடித்தவருக்குத் தெரியாதா?

பேசாமல் போய்ச் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பாழாய்ப்போன மனசு விடவில்லை. துணியை விலக்கினார்.

சக்கரம் பழையபடி சுற்ற ஆரம்பித்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அம்மா முன்னால் போய் நின்றார்.

"சிவப்பு வெளிச்சத்துல நின்னுதும்மா. துணியை எடுத்தேன், சுத்துது. நான் கிளம்பறேன்."

தீட்சை வாங்கிய சீடர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அம்மா எழுந்து வந்து அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமையை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"உட்காருங்கய்யா" என்றார். "எனக்கும் சுத்துது."