நடுவில் நின்றால் கேட்காது

ஒரு ஊர்ல ஒரு அப்பா, தாமிரத் தகட்டுல ஒரு கையை வச்சுக்கிட்டு இன்னொரு கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டார். அந்தப் பக்கத் தகட்டுல கை வச்ச அம்மா, இன்னொரு கையால தோள்பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. "ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கங்க சார், அப்பதான் மணி அடிக்கும்"ங்கிறார் அறிவியல் காட்சிக்கூடத்து ஆள். மணி அடிக்கலை. கதை கேக்குறியா கண்ணு?

"ம்."

அவங்க பொண்ணு செவ்வந்தி, அஞ்சாங்கிளாஸ், பக்கத்துல நின்னு ரெண்டு மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்குறா. ஏன்னா அந்த வீட்ல அப்பாவும் அம்மாவும் பேசிக்கமாட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடி நின்ன பேச்சு. "உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சு." "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் காது கேக்கும்." ரெண்டு பேரும் ஒரே சோபாவுலதான் உக்காந்திருப்பாங்க, ஆனா செவ்வந்தி வாய் வழியாப் போனாத்தான் போய்ச் சேரும். சண்டைன்னாலும் அவதான் போடணும். "நீயெல்லாம் ஒரு மனுஷனான்னு அம்மா கேக்குறாங்கப்பா"ன்னு கேட்டுட்டு, அதுக்கு வர்ற பதிலையும் அவதான் கொண்டு போகணும்.

"அவ பாவம், அத்தை."

பாவம்தான். அப்போ பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை எல்லாரும் அப்பா அம்மாவோட காட்சிக்கூடத்துக்குப் போங்க, குடும்பமா சேந்து ஒண்ணு கத்துக்கிட்டு வாங்கன்னு. செவ்வந்திக்கு அதுலதான் ஆசை விழுந்துச்சு. அங்க போனா ரெண்டு பேரும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசிடுவாங்க. ஒரே ஒரு வார்த்தை. அது போதும் அவளுக்கு.

அப்புறம் அந்த மணி. "நீ நடுவுல வாடா"ன்னார் அப்பா. அவ நடுவுல நின்னா. அப்பா ஒரு கையைப் பிடிச்சார், அம்மா ஒரு கையைப் பிடிச்சா. ஙொய்ய்ய்ங்! அடிச்சுது. "பாத்தீங்களா, மின்சாரம் மூணு பேர் உடம்பு வழியாவும் ஓடுது. பாப்பா விட்டா நின்னுடும்"னார் அந்த ஆள். செவ்வந்தி சட்டுனு கையை உருவிக்கிட்டா. நின்னுது. "இப்ப நீங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கோங்க"ன்னா.

"அதான் அடிச்சிருச்சே"ன்னார் அப்பா.

"அடுத்ததுக்குப் போகலாம்னு சொல்லு"ன்னா அம்மா.

"ம்."

அடுத்தது ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. நம்ம முகமும் தெரியும், அந்தப் பக்கம் இருக்கிறவங்க முகமும் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காரும். செவ்வந்தி அப்பா தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டே குமிழைத் திருகினா. கிர்க், கிர்க். அப்பா மூக்கு, அம்மா கண்ணு, அப்பா தாடை. அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. "அப்பா, அது நான்!"

"உங்கம்மாவை ஆடாம உக்காரச் சொல்லு."

"நான் எந்திரிச்சாச்சுன்னு சொல்லு." அம்மா நிஜமாவே எந்திரிச்சு நின்னு போனைப் பாத்துக்கிட்டிருந்தா. கண்ணாடியில அப்பா மட்டும் இருந்தார்.

"தூங்கிட்டியா?"

"இல்ல, சொல்லு."

மூணாவதா ரெண்டு பெரிய தட்டு. ஆள் உயரத்துக்கு, கிண்ணம் மாதிரி குழிஞ்சு, கூடத்தோட இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. ஒண்ணுல வாய் வச்சு முணுமுணுத்தா, இன்னொண்ணுல காதுக்குள்ள சொன்ன மாதிரி கேக்கும். ஆனா தட்டைப் பாத்துத்தான் நிக்கணும். அதனால ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கணும்.

"இதெல்லாம் அவசியமான்னு கேளு"ன்னா அம்மா. "டீச்சர் கேப்பாங்கம்மா"ன்னு செவ்வந்தி அவளை ஒரு தட்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனா. அப்பாவை இன்னொண்ணுக்கு இழுத்துக்கிட்டுப் போனா. அப்புறம் ஓடிவந்து நடுக்கூடத்துல நின்னா. பழக்கம் பாரு, ஏதாவது எடுத்துக்கிட்டு ஓடணுமோன்னு.

அப்போ அம்மாவோட பின்னந்தலை லேசா ஆடுச்சு. அப்பா கழுத்து நிமிந்துச்சு. அம்மா மறுபடி என்னமோ சொன்னா. அப்பா பதில் சொன்னார். பேசுறாங்க! செவ்வந்தி காதைத் தீட்டிக்கிட்டு நிக்குறா, குசுகுசுன்னுகூட ஒண்ணும் கேக்கலை.

"நடுவுல நின்னா கேக்காது பாப்பா"ன்னார் அந்த ஆள். "சத்தம் உன்னைத் தாண்டிப் போய் அந்தத் தட்டுல பட்டாத்தான் ஒண்ணு சேரும்."

"பரவாயில்ல சார்"னா அவ. சிரிச்சா.

பின்னாடி வரிசை நீண்டுபோச்சு. "சார், நாங்களும் பேசணும் சார், வீட்ல சான்ஸே கிடைக்கலை"ன்னு யாரோ கேலி பண்ணாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் நகரலை. கடைசியா ஒருவழியா முடிச்சுட்டு வந்தாங்க. ரெண்டு பேர் முகமும் தெளிஞ்சிருந்துச்சு.

"அப்பாவும் நானும் பேசிட்டோம்"னா அம்மா.

"என்ன பேசுனீங்க?"

"நீயே சொல்லு"ன்னார் அப்பா. செவ்வந்தியைப் பாத்து இல்ல, அம்மாவைப் பாத்து.

"ஜூன்ல இருந்து நீ ஹாஸ்டல்ல இருந்து படி. வீட்டைக் காலி பண்ணிடுறோம். அவர் அவர் வழியைப் பாத்துக்கட்டும், நான் என் வழியைப் பாத்துக்கிறேன்."

"நல்ல ஸ்கூல்டா. நீச்சல் குளமெல்லாம் இருக்கு"ன்னார் அப்பா.

"யார் சொன்னது, நீங்களா அம்மாவா?"

"ரெண்டு பேரும்தான்"னார். "இத்தனை மாசத்துல இது ஒண்ணுலதான் ஒத்துப்போயிருக்கோம்." அம்மாகூட லேசாச் சிரிச்சா. அப்புறம் அப்பாவைப் பாத்து நேராவே கேட்டா, "பஸ்ஸா, ஆட்டோவா?"

"ஆட்டோவே பிடிச்சிடலாம்."

அவ்வளவுதான் கண்ணு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, இனி நீ கண்ணை மூடிக்கோ.

"செவ்வந்தி அழுதாளா அத்தை?"

இல்ல. வரிசையில அடுத்து நின்ன ஒரு அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தட்டுக்குப் போனாங்க. அவங்க சின்னப் பொண்ணு குடுகுடுன்னு ஓடிவந்து நடுவுல நின்னுச்சு. செவ்வந்தி அது தோளைப் பிடிச்சு ஓரமா நகத்தி விட்டுட்டு, வாசல் பக்கம் போனா.