மூன்று மணி நிழல்

ரத்தம் சிந்திய கதை இது. யாருடைய ரத்தம் என்பதில் சந்தேகமில்லை. சிந்த வைத்தவர் யார் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆறு எட்டாத கரிசல் ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி. முன்கட்டடத்துக்கு மேற்கே ஒரு வாகை மரம். பள்ளியில் பெருக்கும் மாடத்தி, பிள்ளைகள் கை கழுவும் தண்ணீரை வாய்க்கால் கீறித் திருப்பி வளர்த்தது. கூரையைத் தாண்டி ஓராள் உயரம் போயிருந்தது.

மதியமானால் மின்சாரம் போய்விடும் ஊர் என்பதால் பள்ளிக்குச் சூரியத் தகடுகள் வந்தன. மாட்ட வந்தவர் தலைமையாசிரியரோடு முன்கட்டடத்து மாடியில் நின்றார். "சார், மூணு மணிக்கே இங்க நிழல் விழுது. பின்கட்டடத்துல மாட்டிருவோம்."

"பின்னால மாட்டினா கேட்டுல நுழையற அதிகாரிக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் தலைமையாசிரியர் தேவசகாயம். கீழே ஏணியைப் பிடித்திருந்த மாடத்தி அண்ணாந்து பார்த்தாள்.

முன்னாலேயே மாட்டினார்கள். திறப்புவிழாப் படம் அழகாக வந்தது.

பங்குனி வந்தது. தினமும் மூன்று மணிக்கு நிழல் தகடுகளை மூடும், மின்விசிறிகள் நின்றுவிடும். பத்தாம் வகுப்பில் ஊர் விவசாயி கொம்பையாவின் மகள் வெக்கையில் மயங்கி விழுந்தாள். பெஞ்சு முனை நெற்றியைக் கிழித்தது.

"மரத்தை வெட்டணும் சார்" என்று கொம்பையா வந்து நின்றார்.

"ஆகட்டும் அண்ணாச்சி, வெட்டிருவோம்" என்றார் தேவசகாயம். அழுதபடி வந்த மாடத்தியிடம், "நான் இருக்கிற வரைக்கும் ஒரு கிளை போகாது" என்றார். இரண்டு வாக்கையும் கொடுத்துவிட்டு மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

அந்த மறுநாள் காலையில் கொம்பையா அரிவாளோடு வந்தார். மாடத்தி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"விலகுக்கா. எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கினா கீழ போடும்."

வெட்டு பாதி பட்டையில் இறங்கியது, பாதி அவள் வலது கையில். இரண்டு விரல்கள் சருகில் விழுந்தன. மேலே வாகை நெற்றுகள் ஒன்றும் நடக்காததுபோல் சலசலத்தன.

அவள் மகன் இசக்கி கடப்பாரையோடு ஓடிவந்து கொம்பையாவின் தாடையை உடைத்தான். அதிலும் ஆத்திரம் அடங்கவில்லை. "இந்தக் கண்ணாடிக்குத்தானே எங்கம்மா கை போச்சு" என்று மாடியேறித் தகடுகளை ஒவ்வொன்றாக நொறுக்கினான். கீழே பிரார்த்தனைக்கு நின்ற பிள்ளைகள்மேல் சில்லுகள் கொட்டின.

ஆஸ்பத்திரியில் ஏட்டு மாடத்தியிடம் கேட்டார். "ஒரே ஒரு பேரைச் சொல்லும்மா. இத்தனைக்கும் காரணம் யாரு?"

வெட்டியவர், மகளின் ரத்தத்தைப் பார்த்த தகப்பன். உடைத்தவன், தாயின் ரத்தத்தைப் பார்த்த மகன். வாக்குக் கொடுத்தவர் ஊரிலேயே இல்லை.

மாடத்தி சொல்ல வேண்டிய பெயர் எது?

விடை: "தேவசகாயம் சார்" என்றாள் மாடத்தி. ஏட்டு சிரித்தார். "அவரு ஆயுதத்தையே தொடலையேம்மா." "கேட்டுல இருந்து தெரியணும்னு சொன்னாரே, அன்னிக்கே ஓங்கிட்டாரு. வந்து விழத்தான் இத்தனை நாளாச்சு." மற்ற இருவரும் செய்தது குற்றம்தான், ஆனால் ரத்தத்தைப் பார்த்த ஆத்திரத்தில் செய்தது. தேவசகாயத்துக்கு ஒரு மதியம் முழுக்க இருந்தது, நிழலும் காலடியிலேயே கிடந்தது. ஏட்டு அந்தப் பெயரை எழுதவில்லை. புதிய தகடுகள் பின்கட்டடத்து மாடிக்குப் போயின. மூன்று மணிக்கு மேலும் விசிறிகள் சுற்றுகின்றன. மாடத்தி இடது கையால் பெருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள்.