ஊற்றுக்கும் மூன்று நாள் துக்கம்

காட்டின் தலைவரான யானை மாதங்கன் ஒரு சித்திரை மாதத்துக் காலையில் இறந்துபோனார். ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்த நேரம். அந்த மணலில் அவர் தோண்டிய ஊற்று ஒன்றுதான் எல்லாருக்கும் தண்ணீர்.

நரி உடனே துக்கக் குழு அமைத்தது. குழுவின் தலைவரும் செயலாளரும் உறுப்பினரும் அதுவே.

"மூன்று நாள் துக்கம். யாரும் மேயக் கூடாது, பாடக் கூடாது. மரியாதையை முன்னிட்டு ஊற்றும் மூடப்படுகிறது."

ஊற்றின்மேல் முள்கிளைகளைப் பரப்பினார்கள். காவலுக்குக் காட்டுப்பன்றி நின்றது.

மறுநாள் உச்சிவெயிலில் ஆட்காட்டிக் குருவி பறந்து வந்தது. அது வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. வெயில் ஏறினால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய், முட்டைகளின்மேல் உட்கார்ந்து குளிரவைக்கும்.

"வழி விடுங்கண்ணே."

"தலைவரே போயிட்டாரு, உனக்குக் குளியல் கேக்குதோ?" என்றது பன்றி.

"குளியல் இல்லண்ணே. என் நாலு முட்டையும் வெந்துகிட்டிருக்கு."

நரி பாறைமேல் நின்று, கூடியிருந்த விலங்குகளுக்கு இரங்கல் உரையின் பதினேழாம் பகுதியை நிகழ்த்திக்கொண்டிருந்தது. "தாகம் என்று வந்தவரைத் தலைவர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை" என்று தழுதழுத்தது. பிறகு குருவியைப் பார்த்துவிட்டு, பன்றியிடம் "இவளைத் திருப்பி அனுப்பு" என்றது.

குருவி போகவில்லை. முள்ளின் இடுக்கில் எட்டிப் பார்த்தது.

"உள்ள பாத்தீங்களாண்ணே? மணல் சரிஞ்சு ஊற்று பாதி தூந்துபோச்சு. தினம் காலையில அவரு வாரிப் போடுவாரே, இன்னைக்கு யாரு வாரினா?"

பன்றி குனிந்து பார்த்தது. உண்மைதான்.

"துக்கம் முடியட்டும், பார்க்கலாம்" என்றது நரி.

"அதுக்குள்ள அவரு செஞ்சதும் போயிடும். அழறவங்க அழுங்க. நான் வாரப் போறேன்."

குருவி முள்ளுக்குள் நுழைந்தது. இரண்டு இறகு பிய்ந்தது. குச்சிக் காலால் மணலைச் சீய்க்கத் தொடங்கியது. நாள் முழுக்கச் சீய்த்தாலும் ஒரு சிரட்டை மணல் தேறாது. அது நிறுத்தவில்லை.

"அவளை வெளியே இழு!" என்று நரி கத்தியது.

பன்றி முள்கிளைகளை இழுத்து எறிந்தது. குருவியின் பக்கத்தில் போய், "தள்ளிக்க தாயி, இது பெரிய மூக்கு இருக்கிறவன் வேலை" என்று மணலில் முகத்தைப் புதைத்து முட்டியது. கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த கரடி எழுந்து வந்தது. மான்கள் வந்தன. அழுகை ஓயவில்லை, அழுதபடியே வாரினார்கள். மெல்லத் தண்ணீர் சுரந்தது.

குருவி வயிற்றை நனைத்துக்கொண்டு பறந்தது. ஒரு முட்டை அதற்குள் கெட்டுவிட்டது. மற்ற மூன்றின்மேல் ஈரத்தோடு உட்கார்ந்தது.

மிச்சத் துக்கம் ஊற்றங்கரையிலேயே நடந்தது. வந்தவர்கள் ஒரு வாய் குடித்து, தங்களால் முடிந்த மணலை வாரிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

தலைவர் மறைந்தால் அழலாம். ஆனால் அவர் விட்டுப்போன வேலையை மறுநாளே கையில் எடுப்பவர்தான் அவருக்கு உண்மையான அஞ்சலி செலுத்துகிறார்.