மூன்று முறை சொன்னவள்

ரெஹானாவுக்கு முப்பத்தொரு வயது. ஒரு செய்திச் சேனலுக்காக செல்போனிலேயே பேட்டி எடுப்பவள். அவளிடம் தொழில் கற்க வந்த திருமலைசாமிக்கு ஐம்பத்துநான்கு. இருபத்தாறு வருடம் எழுதிய நாளிதழ் நின்றுபோனதால் வந்தவர்.

அன்று மத்தியானம் வந்ததும் நாற்காலியில் சரிந்தார்.

“குருவே, ஒரு டீ சொல்லு அம்மிணி. முடியலை.”

“பேட்டி கெடைச்சுதாங்ணா?”

“கெடைச்சுது. மூணு வாட்டி.”

சோலையம்மாளைப் பார்க்கப் போயிருந்தார். போன வாரம் அவள் புருஷன் சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கி, மூச்சடைத்துச் செத்துப்போனான். ‘அவன் எங்கள் ஆளே இல்லை’ என்கிறார் பட்டறை முதலாளி. நாளை மறுநாள் விசாரணை. அதற்கு முன் அவள் பேச்சு வெளியே வரவேண்டும்.

“லென்ஸைத் தொடைச்சேன். போனை ஃப்ளைட் மோடுல போட்டேன். ஜன்னல் வெளிச்சம் மூஞ்சில விழற மாதிரி உக்கார வெச்சேன். நீ சொன்னதுல ஒண்ணு விடல. மொத வாட்டி குக்கர் விசில். ரெண்டாவது வாட்டி ஃபேன் சத்தம். ‘அதையே இன்னொருக்கா சொல்லுங்க’ன்னேன். மூணாவது சுத்தமா வந்துச்சு.”

ரெஹானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவை ஓட்டினாள்.

“அஞ்சரைக்கு மேஸ்திரி வாசல்ல வந்து ஹாரன் அடிச்சாருங்க. இவரு பல்லுகூட வெளக்கல. ‘தொட்டி அடைச்சுக்கிச்சு, பட்டறைல கூப்பிடறாங்க, ஏறுடா வண்டில’ன்னு...”

மேஸ்திரியின் பெயரைச் சொல்லும் இடத்தில் விசில் அடித்தது.

மூன்றாவதில் சோலையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “வேலைக்குப் போனாருங்க. திரும்பி வரலைங்க.”

“இதுல மேஸ்திரி எங்கீங்ணா?”

“மொதல்லயே சொல்லியாச்சேன்னு விட்டிருக்கும்.”

“ஹாரன்?”

“அதுவும்தான்.” அவர் கண்ணைத் தேய்த்தார். “ஆனா மூணாவதுல ஒரு சத்தமில்லை பாரு.”

“ஆமாங்ணா. அவங்களும் இல்லை.”

பேட்டி முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருந்தார். ரெஹானா ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அவருக்கும் கேட்கும்படி வைத்தாள். சோலையம்மாளின் குரல்.

“சரியா வந்துச்சுங்களா சார்? இல்லாட்டி இன்னொருக்கா சொல்றனுங்க. அதுல அழுகோணுங்களா?”

பதில் எதுவும் இல்லை. ஸ்டாண்டை மடக்கும் சத்தம் மட்டும்.

டீ வந்தது. திருமலைசாமி தொடவில்லை.

“அப்ப எனக்குக் கேக்கவே இல்லை அம்மிணி,” என்றார் கடைசியில். “போன்ல எவ்வளவு எடம் மிச்சமிருக்குன்னு பாத்துட்டிருந்தேன்.”

அவள் பதிவை நிறுத்தினாள்.

“நாளைக்குப் போறேன். இந்த வாட்டி எப்படி எடுக்கட்டும்?”

ரெஹானா அவருடைய போனை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்து மூடினாள்.

“வெறுங்கையோட போங்க.”

“வெளையாடாதே. நாளன்னைக்கு விசாரணை. வெறுங்கையோட போயி அந்தம்மாகிட்ட நான் என்னத்தைக் கேக்கறது?”

“நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாங்ணா. அவங்க ஒண்ணு கேட்டிருக்காங்க. அதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்க.”